கேமராவை அணைக்காதவர்

எங்கள் அம்மா தன் எழுபது வருட வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் மனம்விட்டுப் பேசினாள். அந்த ஒருவருக்குத் தமிழ் தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆவணப்பட இயக்குநர் அவர். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அப்போது அறுபத்தோரு வயது. நரைத்த கூந்தலைச் சுருட்டி ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பார். சட்டைப்பையில் ஒரு மூக்குக்கண்ணாடி, தலைமேல் ஒன்று. இரண்டும் இருக்கும்போதே மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டு முழங்காலிலும் வலி. இருந்தாலும் கேமராவின் முக்காலியை யாரையும் தொடவிடமாட்டார். முதல் நாள் என் காடியின் பின்கதவைத் திறந்து அதை இறக்க நான் கை நீட்டியபோது தட்டிவிட்டார்.

"இருபத்திரண்டு வயதில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். முக்காலியைத் தூக்கட்டுமா என்று கேட்டதற்கு, முதலில் கோப்பி கலக்கிக் கொண்டுவா என்றார்கள். ஏழு வருடம் கலக்கினேன். இனி இது என் கையை விட்டுப் போகாது" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பதினைந்து வருடமாகக் கேமரா தூக்குகிறவள்தான். மலாக்கா பக்கம் மெர்லிமாவில் எனக்கு ஒரு சின்னக் கடை. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் வீடியோ எடுக்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் மாமாக்கள் எல்லாரும் என் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களுடைய அக்குள்களுக்கு இடையில் நான் எடுத்த தாலிகள் எத்தனையோ. எந்தக் குடும்பமும் அந்த வீடியோவை இரண்டாவது முறை போட்டுப் பார்ப்பதில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது டுரியான் துங்கால் பக்கம் நடந்த ஒரு பயிலரங்கில். இருபது பேர் வந்திருந்தோம். ஆளுக்கு ஐந்து நிமிடம், அவரவர் எடுத்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். மற்றவர்கள் சூரிய உதயம், டிரோன், இசை என்று காட்டினார்கள். என்னிடம் காட்ட வேறொன்றும் இல்லாததால், அம்மா இருக்கும் தோட்டத்தில் அவ்வப்போது எடுத்து வைத்திருந்ததைப் போட்டேன். செம்பனை மரங்களுக்கு நடுவில் மிச்சமிருக்கும், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பதினோரு லயத்து வீடுகள், மூடிப்போன தமிழ்ப்பள்ளியின் கொடிமரம், துணி பிழியும் அம்மாவின் கைகள். முகம் இல்லை. கேமராவைத் தூக்கினாலே அம்மா "போதும் லா, மூடு அத" என்று திரும்பிக்கொள்வாள்.

முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். அப்போதும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது யார்?" என்றார்.

"என் அம்மா."

"இந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாயா?"

சுற்றியிருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல மேடம், சும்மா பொழுதுபோக்குக்கு" என்றேன்.

இடைவேளையில் என்னைத் தேடிவந்து மறுபடியும் கேட்டார். "உண்மையாகவே நீ எடுக்கப்போவதில்லையா? நீ எடுப்பதாக இருந்தால் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

மூன்று வருடமாக நான் அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லையென்றேன். "நீங்க செய்யுங்க மேடம். நான் காடி ஓட்றேன், மொழிபெயர்க்கிறேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது பொய்யாகிவிடும்.

தோட்டத்துக்கு வந்த முதல் நான்கு நாள் அவர் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வாசலில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். அம்மா வெங்காயம் உரித்தால் அவரும் உரிப்பார். பாதி வெங்காயத்தைத் தோலோடு தூக்கி எறிந்துவிடுவார். அம்மா அதைப் பொறுக்கியெடுத்து, "இந்தப் புள்ளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல போல" என்பாள். அறுபத்தோரு வயதுப் புள்ளை! காலையில் நாங்கள் போய் இறங்கியதும், "பசியாறிட்டியா?" என்று அம்மா கேட்பது அவரைத்தான். அதன்பிறகுதான் நான் நிற்பது அவள் கண்ணுக்குப் படும். மீன் குழம்பு வைத்த நாளில் தலைத்துண்டு அவர் தட்டுக்குப் போனது. அந்தத் துண்டு முப்பது வருடமாக எனக்கு வந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் கேமராவை எடுத்தார். அம்மா திரும்பிக்கொள்ளவில்லை. நாலு நாளாகத் திண்டுபோல் அங்கேயே இருந்தவர் கையில் புதிதாக ஏதோ முளைத்திருக்கிறது என்பதுபோல் ஒருமுறை பார்த்தாள்; துவரம்பருப்பில் கல் பொறுக்குவதைத் தொடர்ந்தாள்.

அவருடைய வித்தை என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் கேள்வி கேட்பது குறைவு. ஒருவர் பேசி முடித்த பிறகு அவர் கேமராவை அணைக்கமாட்டார். நாமாக இருந்தால் "சரி, நன்றி" என்று மூடிவிடுவோம். அவர் அப்படியே இருப்பார். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடம் போகும். எதிரே இருப்பவருக்குத் தாங்காது. எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பப் பார்ப்பார். அங்கேதான் விஷயம் வரும். தமிழில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல்: "அப்புறம்?" அதையும் 'அப்ரம்' என்றுதான் சொல்லுவார்.

போகவர காடியில் அவர் தன் கதையைச் சொல்வார். ஆறு படங்கள் எடுத்திருந்தார். முதல் படம் அவர் பிறந்த ஊரில் இறைச்சி வெட்டும் ஆலைப் பெண்களைப் பற்றியது. நாலு வருடம் எடுத்தார். மூன்றாம் வருடத்தில் கணவர் பிரிந்து போனார். இரண்டாவது படத்தின் முதல் காட்சிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மூன்றாவது படத்துக்காகத் தன் அம்மா வைத்துவிட்டுப்போன பியானோவை விற்றார். ஐந்தாவது படத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது. அதற்கப்புறம் ஏழு வருடம் அவருடைய போனை யாரும் எடுக்கவில்லை. இதையெல்லாம் அவர் நஷ்டக் கணக்குபோல் சொல்லவில்லை. மெர்லிமாவில் மழை பெய்தது, ஜாசினில் பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார்.

எனக்குக் காதெல்லாம் எரியும். தோற்றுப்போவதற்குக்கூட அவரிடம் படங்கள் இருந்தன. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவருக்குத் தெரியாமல் அவர் பெயரைப் போனில் தட்டிப் பார்ப்பேன். மேடையில் நிற்கும் படங்கள், பனியில் கேமராவோடு குனிந்து நிற்கும் படங்கள். பிறகு பச்சை விழும். பின்னாலிருப்பவன் ஹாரன் அடிப்பான்.

ஒருநாள் மட்டும் வேறு மாதிரிப் பேசினார். பரிசு வாங்கிய ஐந்தாவது படத்தில் ஒரு நடுவயதுப் பெண் தன் மகனைப் பற்றிச் சொன்ன ஒன்றை வைத்திருந்தாராம். அந்தப் பெண் சம்மதித்துத்தான் சொன்னாள். படம் வந்தபிறகு மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். "ஒவ்வொரு வருடமும் அவளுடைய பிறந்தநாளுக்கு நான் போன் செய்கிறேன். அவள் எடுப்பதில்லை" என்றார். அன்று அவர் கண்ணாடியைத் தேடவில்லை.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. மழைக்கு முந்திய மதியம். சமையற்கட்டின் பின்வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மருந்து அடிக்கும் வேலையைப் பற்றிப் பேச்சு. இருபத்தாறு வருடம் முதுகில் மருந்து நிரப்பிய தோம்பைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு அடியில் களைமருந்து அடித்தவள் அவள். பேசி முடித்தாள். கேமரா அணையவில்லை. கூரையில் முதல் தூறல் விழுந்தது.

"ஒருவாட்டி நான் போயிட்டேன்" என்றாள் அம்மா.

நான் நிமிர்ந்தேன்.

"சுமதிக்கு ஏழு வயசு. வெள்ளிக்கெழம காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். மலாக்காவுல எறங்கினேன். எது மொதல்ல நிக்குதோ அதுல ஏறினேன். அது லூபோக் சீனாவுல கொண்டுபோய் விட்டிச்சி. பதினோரு நாளு."

எனக்கு அந்தப் பதினோரு நாள் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அப்பா சொன்னார். டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து தலைவாரிப் பின்னிவிடத் தெரியாமல் பின்னிவிட்டார். பன்னிரண்டாம் நாள் அம்மா ஒரு புதுப் பென்சில் பெட்டியோடு வந்தாள். இத்தனை வருடமாக எனக்கு அது ஆஸ்பத்திரிதான்.

"என்ன சொல்கிறார்?" என்றார் அவர் மெதுவாக.

நான் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னேன்: "எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அவருக்கு உடம்பு சரியில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, நேராக, "அப்ரம்?" என்றார்.

"யாரும் என்னை அடிக்கல. ஒங்கப்பா நல்ல மனுசன்தான். எனக்கு அலுத்துப்போச்சு. விடிஞ்சா பெரட்டு, வந்தா அடுப்பு, அந்த மருந்து வாடை. புள்ளையத் தூக்கினாக்கூட அந்த வாடைதான். திரும்பி வரவே கூடாதுன்னுதான் போனேன்."

அம்மா 'ஒங்கப்பா' என்று சொன்னாள். அப்போது அதை நான் கவனிக்கவில்லை. குனிந்தபடியே, "மருத்துவமனையில் மிகவும் களைப்பாக இருந்தது என்கிறார்" என்றேன். அம்மா இன்னும் பேசினாள். நான் இன்னும் பொய் சொன்னேன். மழை பெரிதானதும்தான் அவர் கேமராவை இறக்கினார்.

அன்று வீடு திரும்பும் வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என்னை விட்டுவிட்டுப் போனாள் என்பது ஒரு வலி. அதைவிட எரிந்தது இன்னொன்று: என்னிடம் சொல்லாததை, வெங்காயம் உரிக்கத் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டாளே என்பது.

அவர் ஊர் திரும்பி நாலைந்து மாதம் கழித்துப் போன் வந்தது. டுரியான் துங்காலில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே, பெண்வீட்டார் வருவதற்காகக் காடியில் காத்துக்கொண்டிருந்தேன்.

"சுமதி, அன்று உன் அம்மா சொன்னதை இங்கே தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கினேன்" என்றார்.

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"படத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. உன் அம்மா சம்மதித்திருக்கிறார். ஆனால் அது உன்னைப் பற்றியதும்தான். நீ வேண்டாமென்றால் வெட்டிவிடுகிறேன். முதலில் ஒருமுறை பார். அனுப்புகிறேன்."

"பாக்க வேணாம் மேடம். எடுத்துடுங்க."

"பார்த்துவிட்டுச் சொல்லேன்."

"வேணாம்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. யார் மௌனத்தையும் தாண்டி அவரால் காத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் போனை வைத்துவிட்டேன். அம்மாவின் மானத்துக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த உயிர் அவர் படத்துக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவர் வாதாடவில்லை. எடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் படத்தை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். மலாக்கா டவுனில் ஒரு மாடி அரங்கு. தோட்டத்திலிருந்து ஒரு வேன் பிடித்து எல்லாரும் வந்திருந்தார்கள். அம்மா மாம்பழக் கலர் சேலை கட்டி, முன்வரிசையில், மடியில் ஒரு டின்னோடு உட்கார்ந்திருந்தாள். டின்னில் அவருக்காகப் பிடித்த நெய்யுருண்டை.

படம் அழகாக இருந்தது. லயத்து வீடுகள், கொடிமரம், அம்மாவின் கைகள். நான் எடுத்த அதே கைகள், அவர் எடுத்ததில் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தன. ஆனால் ஒரு கட்டத்தில் எனக்கே தெரிந்தது, கதவு திறக்கப்போகிறது என்று நம்பி நாம் முன்னால் சாய்கிறோம், அது திறப்பதில்லை. அம்மாவும் முன்னால் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்து பெயர்கள் ஓடின. காடி ஓட்டியவர், மொழிபெயர்ப்பாளர் என்று இரண்டு இடத்தில் என் பெயர் வந்தது.

அவர் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் அன்னிக்கி மழையில சொன்னேனே, அது எங்கன்னு கேளு."

நான் மொழிபெயர்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"படம் நீளமாகிவிட்டது, வெட்டிவிட்டேன், அது என் தப்பு என்று சொல்" என்றார்.

அதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அம்மா "அப்படியா" என்றாள். கையை மெல்ல உருவிக்கொண்டாள். நெய்யுருண்டை டின் திறக்கப்படாமலே காடிக்குத் திரும்பி வந்தது.

"நல்ல புள்ளன்னு நெனச்சேன்" என்றாள் வழியில். "வாயத் தொறக்க வெக்கிறாங்க. அப்பறம் இது ஆவாதுன்னு தூக்கிப் போட்டுடறாங்க. நான் சொன்னது என்னா அவ்ளோ கேவலமா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் அவருக்கு இருந்த இடம் காலியாகிவிட்டது. ஜாசின் முச்சந்தி வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. அங்கே விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் பார்த்தேன். அம்மா டின்னின் மூடியை விரலால் துடைத்துக்கொண்டே, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் படம் இரண்டு மூன்று விழாக்களோடு நின்றுபோனது. நடுவில் இருக்கும் மூதாட்டி கடைசிவரை நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் நாலைந்து முறை படித்தேன். அதற்குப்பின் அவர் வேறு படம் எடுக்கவில்லை. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்.

போன வருடக் கடைசியில் தபாலில் ஒரு சின்ன உறை வந்தது. உள்ளே ஒரு ஹார்ட்டிஸ்க். கூடவே அவர் கையெழுத்தில் இரண்டு வரி: "அன்று மழையில் எடுத்தது, வெட்டாமல். என்னிடம் வேறு பிரதி இல்லை. இது உங்கள் இருவருடையது."

மூன்று நாள் அதை மேசைமேல் வைத்திருந்தேன். நாலாம் நாள் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டுப் போட்டுப் பார்த்தேன்.

தொடக்கத்தில் அம்மா மட்டும் இருக்கிறாள். "ஒருவாட்டி நான் போயிட்டேன்" என்கிறாள். அந்த இடத்தில் படம் கொஞ்சம் அசைகிறது. முழங்கால் வலிக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்திருக்கிறார். இப்போது ஓரத்தில் நான் வருகிறேன், குனிந்த தலையும் குறிப்புப் புத்தகமுமாக. அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசுகிறாள். "ஒங்கப்பா நல்ல மனுசன்தான்" என்று என்னிடம் சொல்கிறாள். திரும்பி வரவே கூடாதுன்னுதான் போனேன் என்று சொல்லிவிட்டு, நான் நிமிர்வேனா என்று பார்க்கிறாள். நான் நிமிரவில்லை. நாற்பது நிமிடம் அவள் என்னையே பார்த்திருக்கிறாள். நாற்பது நிமிடம் நான் ஒரு வெறும் காகிதத்தில் எதையோ எழுதுவதுபோல் நடித்திருக்கிறேன்.

தமிழ் தெரியாத அவருக்கு அது அந்தக் கணத்திலேயே தெரிந்திருக்கிறது. பதினைந்து வருடமாக நான் மணமேடைகளில் எத்தனையோ அம்மாக்களையும் மகள்களையும் எடுத்திருக்கிறேன். அந்த இரண்டடி பின்னால் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. அந்த இரண்டடிக்காக நான் இன்றைக்கும் அவர்மேல் பொறாமைப்படுகிறேன்.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "அத வெட்டச் சொன்னது நான்தாம்மா" என்றேன். "அந்தம்மா இல்ல. என்னக் காப்பாத்தறதுக்கு அவங்க பொய் சொன்னாங்க."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் குனியவில்லை.

"அதுக்குப் போன் போடு" என்றாள்.

போட்டேன். அங்கே முந்தின நாள் சாயங்காலம். திரையில் அவர் வந்தார், முடி நிறையவே வெளுத்திருந்தது. அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு மிகக் கிட்டே வைத்துக்கொண்டாள். அவருக்கு அம்மாவின் நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ஒன் மேல கோவமா இருந்தேன். அது தப்பு. காலு எப்பிடி இருக்கு? நெய்யுருண்டை அன்னிக்கி ஒனக்குத்தான் கொண்டாந்தேன். குடுக்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் விடாமல். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் "நெய்யுருண்டை எப்படிச் செய்வது?" என்று கேட்டார். அம்மா பாசிப்பயறு வறுப்பதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். கால்மணி நேரம் போனது.

போனை வைத்ததும் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். எதிரே உட்காரச் சொன்னாள்.

"லூபோக் சீனாவுல நடந்தது ஒண்ணு இருக்கு" என்றாள். "அந்தப் புள்ளகிட்டகூட சொல்லல."

என் பையில் கேமரா இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அம்மா சொன்னாள், நான் கேட்டேன். அவள் முடித்த பிறகும் எழுந்திருக்காமல் இருந்தேன்; இன்னும் கொஞ்சம் சொன்னாள். அது அவருடைய படத்தில் இல்லை, அந்த ஹார்ட்டிஸ்கிலும் இல்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.